பழுப்பு வர்ணப் பாரந்தூக்கி

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஹாக்னியில் இருந்த லெஸ்னி தொழிற்சாலையிலிருந்து, 1961-ஆம் ஆண்டில், மேட்ச்பாக்ஸ் வரிசையின் 30-ஆம் எண்ணாக, மாகிருஸ் டாய்ட்ஸ் என்னும் ஜெர்மானிய லாரியின் உருவத்தில் ஒரு பாரந்தூக்கிப் பொம்மை வெளிவந்தது. வெள்ளி வர்ண உடலும் செம்மஞ்சள் வர்ணத் தூக்குக் கையும் ஆறு சக்கரங்களும் உடைய அந்த வண்டி உள்ளங்கையில் வைத்து மூடினால் மறைந்துபோகும் அளவுடையது, ஏராளமாக விற்பனையானது, பழைய பொம்மைகள் விற்கும் இங்கிலாந்துச் சந்தைகளில் இன்றும் அதைப் பெரிய செலவில்லாமல் வாங்கலாம். ஆனால் அதே அச்சில் வார்த்து, அதே சக்கரங்களைப் பூட்டி, உடலுக்கு மட்டும் வெள்ளி வர்ணத்துக்குப் பதிலாகப் பழுப்பு வர்ணம் பூசிய சில வண்டிகளும் எப்படியோ உலகில் நடமாடி வந்திருக்கின்றன; அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 13,000 டாலருக்கு விலைபோயிற்று.

பொம்மையில் இவ்வளவு பணத்தைப் போடுவதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்தக் கேள்வியைவிட, ஒரே பொம்மையின் இரண்டு பிரதிகளுக்கு நடுவே இத்தனை வித்தியாசத்தை உண்டாக்கியது எது என்ற கேள்வியே சுவாரஸ்யமானது என்பது என் அபிப்பிராயம். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், பொம்மையை விட்டுவிட்டு முதலில் அது பிறந்த பட்டறைக்குள் போக வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கடற்படையிலிருந்து வீடு திரும்பிய லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள், பெயரின் பிற்பாதி ஒன்றாக இருந்தும் உறவினர் அல்லாதவர்கள், 1947-ஆம் ஆண்டு ஜனவரியில் தங்கள் பெயர்களின் துண்டுகளைச் சேர்த்து லெஸ்னி என்ற பெயரில் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். வட லண்டனில் எட்மண்டன் என்னும் இடத்தில், மூடிக் கிடந்த ஒரு மதுக்கடைக் கட்டிடமே அவர்களுடைய முதல் ஆலை. உருகிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி வார்த்தெடுக்கும் டை காஸ்டிங் தொழிலில் வல்லவரான ஜாக் ஓடெல் என்பவரும் விரைவில் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பிற கம்பெனிகளுக்கு யந்திர உதிரிப் பாகங்கள் செய்து கொடுப்பதுதான் முதலில் அவர்களுடைய பிழைப்பாக இருந்தது. ஆனால் வருஷக் கடைசியில், கணக்கு முடிக்கும் காலத்தில் கையிருப்பைக் குறைத்துக் காட்ட விரும்பிய கம்பெனிகள் புதிதாகச் சரக்கு கேட்பதை நிறுத்திவிடும். அந்த மாதங்களில் யந்திரங்கள் சும்மா கிடக்க வேண்டாமே என்றுதான் 1948-இல் சாலை போடும் ரோட் ரோலர் ஒன்றைப் பொம்மையாக வார்த்துக் கடைகளுக்குக் கொடுத்தார்கள்.

அபூர்வப் பேதங்களைத் தேடுபவர்கள் இன்றும் பயபக்தியோடு பேசும் ஒரு பொருள் அந்த ஆரம்ப நாட்களிலேயே தோன்றிவிட்டது. 1951-இல் பிரிட்டன் முழுவதும் நடந்த தேசியப் பொருட்காட்சிக் கொண்டாட்டத்தை உத்தேசித்து, எட்டுக் குதிரைகள் பூட்டிய ராஜ ரதம் ஒன்றுக்கு ஓடெல் அச்சுச் செய்தார். ரதத்தினுள் அரசரும் அரசியும் அருகருகே வீற்றிருந்தார்கள். கொரியா யுத்தத்தை முன்னிட்டுத் துத்தநாகத்தைப் பொம்மைத் தொழிலுக்குச் செலவிடக் கூடாதென்று அரசாங்கம் தடை விதித்துவிடவே, அச்சு மூலையில் கிடந்தது. அதற்குள் 1952 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். இளம் அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழா 1953-இல் நடக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. தடை நீங்கியதும் தூசி தட்டி எடுத்த அந்த ரதத்தில் இப்போது அரசி மட்டும் தனியே அமர்ந்து செல்ல வேண்டும். புது அச்சுச் செய்ய அவகாசமும் இல்லை, பணமும் இல்லை. ஆகையால் அரசரின் உருவத்தை இடுப்புக்கு மேல் அச்சிலிருந்து நீக்கிவிட்டு, மற்றபடி வார்ப்பை நடத்தினார்கள். இதன் பயனாக, முடிசூட்டு விழாவில் விற்ற அந்தப் பெரிய ரதங்களின் ஜன்னலுக்குள் உற்றுப் பார்த்தால், அரசியின் பக்கத்தில் உடலற்ற இரண்டு கால்கள் இருப்பதைக் காணலாம். அரசரும் அரசியும் முழு உருவத்தோடு அமர்ந்துள்ள முதல் வார்ப்பு ரதங்கள் மிகச் சொற்பமானவை. அவற்றைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ஒரு மன்னரின் மரணமும், தூர தேசத்து யுத்தமும், ஒரு சிறு பட்டறையின் பணமுடையும் கலந்து, துத்தநாகத்தில் பதிந்து நிற்கும் இந்தச் சாட்சியத்தைப் போல் இன்னொன்றை எந்தப் பொம்மையிலும் நான் அறியேன்.

அந்த ரதத்தின் சிறிய வடிவம் பத்து லட்சத்துக்கு மேல் விற்று, நண்பர்களுக்குக் கை நிறையப் பணம் கொடுத்தது. அதே சமயத்தில் ஓடெலின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்தது. தகப்பனார் பித்தளையில் ஒரு குட்டி ரோட் ரோலரைச் செய்து, தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். மற்றக் குழந்தைகளும் அதுபோல் வேண்டுமென்று கேட்டார்கள். 1953-இல் ரோட் ரோலர், மண் கொட்டும் லாரி, சிமெண்ட் கலக்கும் யந்திரம் என்று மூன்று குட்டிப் பொம்மைகள், தீப்பெட்டி போலவே சித்தரித்த அட்டைப் பெட்டிகளில் அடைத்து, மேட்ச்பாக்ஸ் என்ற பெயரிலேயே கடைக்கு வந்தன. அந்த வரிசை பிறகு 75 எண்கள் வரை வளர்ந்தது. ஒரு வண்டி பழசானால் அதை நிறுத்திவிட்டு அதே எண்ணில் வேறொரு வண்டியை வெளியிடுவார்கள். 1960-களின் நடுவில் அந்த ஆலை வருஷத்துக்குப் பத்துக் கோடிக்கு மேல் பொம்மைகளைச் செய்து தள்ளிக்கொண்டிருந்தது; தொழிலாளர்களை அழைத்து வருவதற்கென்றே சொந்தமாகப் பஸ்கள் ஓட்டியது.

இத்தனை கோடிகளில் அபூர்வம் எங்கிருந்து வரும் என்று ஐயுறலாம். பெருமளவு உற்பத்திதான் அதற்கு ஊற்று. துத்தநாகம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேலும், அலுமினியம் சுமார் நான்கு பங்கும், மிச்சம் சிறிது செம்பும் மக்னீசியமுமாக அமைந்த அந்தக் கலவை 400 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழேயே உருகிவிடும்; ஆகவே எஃகு அச்சு நீண்ட காலம் உழைக்கும். ஆனாலும் லட்சக்கணக்கான முறை சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் அச்சில் நுண்ணிய விளிம்புகள் தேயும். மெல்லிய பாகங்கள் குழந்தைகள் கையில் ஒடிகின்றன என்று தெரியவரும். உடனே அச்சுச் செதுக்குபவர் அந்த இடத்தில் ஒரு சிறு முட்டு சேர்ப்பார், ஒரு துவாரத்தை அடைப்பார், அடித்தகட்டில் ஓர் எழுத்தைத் திருத்துவார். சக்கரங்களும் அப்படியே. ஆரம்பத்தில் உலோகச் சக்கரம், 1950-களின் பிற்பகுதியில் சாம்பல் வர்ணப் பிளாஸ்டிக் சக்கரம், சில வண்டிகளுக்குச் சிறிது காலம் வெள்ளி வர்ணம், பிறகு கறுப்பு. இருசின் முனையைப் பழைய வண்டிகளில் நசுக்கி விட்டிருப்பார்கள். பிந்தியவற்றில் உருண்டையாகத் திரட்டி விட்டிருப்பார்கள். ஒரு சரக்கு தீர்ந்து மறு சரக்கு தொடங்கும் அந்தச் சில வாரங்களில், புது உடலுக்குப் பழைய சக்கரமும் பழைய உடலுக்குப் புதுச் சக்கரமுமாக வெளிவந்தவைதாம் பிற்காலத்தில் தேடித் திரியும் பேதங்களாயின.

இவற்றையெல்லாம் ஆலையில் எவரும் வருங்கால ஆராய்ச்சியாளருக்காகக் குறித்து வைக்கவில்லை. ஆகையால் எது முந்தியது, எது பிந்தியது, எது பெருவழக்கு, எது அருவழக்கு என்பதைப் பல நூறு பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பு நோக்கித்தான் நிர்ணயிக்க வேண்டியிருந்தது. சங்க நூல்களைப் பதிப்பித்த நம் பெரியோர் ஊர் ஊராக ஏடு தேடி, பிரதிக்குப் பிரதி பாடபேதம் குறித்து வைத்தார்களே, அந்த முறைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கென வாழ்நாளைச் செலவிட்டவர்கள் தொகுத்த பட்டியல் நூல்கள் தலையணைத் தடிமன் உடையவை. ஒரே லாரிக்கு அவற்றில் பத்துப் பன்னிரண்டு பேதங்கள் வரை குறித்திருப்பார்கள்.

சில உதாரணங்களைச் சொன்னால் விஷயம் விளங்கும். 8-ஆம் எண்ணுள்ள போர்டு மஸ்டாங் கார் வெள்ளை வர்ணத்தில் எங்கும் கிடைக்கும். செம்மஞ்சளில் அகப்படுவது அரிது. 4-ஆம் எண்ணுள்ள டாட்ஜ் லாரியின் பின்புற அடைப்புக் கிராதி பச்சையாக இருந்தால் சாதாரணம். நீலம் கலந்த பச்சையாக இருந்தால் விசேஷம். பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலொழியப் பழகாத கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. 46-ஆம் எண்ணுள்ள பிக்போர்ட்ஸ் கம்பெனிச் சாமான் வண்டியையே, போர்ன்மவுத் நகரத்துப் பீல்ஸ் என்னும் ஜவுளி முதலிய பலவகைச் சரக்குகளும் விற்கும் பெரிய கடையின் விளம்பரத்துக்காக மர வர்ணத்தில் பூசி, அதன் பெயரை ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த ஒரு கடையோடு நின்றுவிட்டதால் அது இன்று பெரும் மதிப்புடையது.

பீர்டிராக்ஸ் என்ற பேரிக்காய்ப் பானத்தின் விளம்பரம் இன்னும் நுட்பமான பாடம் கற்பிக்கிறது. 56-ஆம் எண்ணுள்ள டிராலி பஸ்ஸின் பக்கங்களில் எப்போதும் அந்த விளம்பரமே இருக்கும். அங்கே அதற்கு விசேஷம் ஒன்றும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது, மின்கம்பியைத் தொடும் கழிகள் சிவப்பா, கறுப்பா என்பதுதான்; கறுப்பே அரிது. ஆனால் அதே விளம்பரத் தாள் 5-ஆம் எண்ணுள்ள இரட்டை மாடி பஸ்ஸின் மேல் ஒட்டியிருந்தால், சேகரிப்பவர் நெஞ்சு படபடக்கும். ஒரு பொருள் தன்னளவில் அபூர்வம் என்பதில்லை. அது இருக்கும் இடமும் சேர்க்கையுமே அதை அபூர்வமாக்குகின்றன.

தவறுதலாக ஜன்னல் கண்ணாடி வைக்க மறந்தவை, சக்கரம் மாறிப் பூட்டியவை, ஒரு பக்கம் மட்டும் வர்ணம் விழுந்தவை ஆகியவற்றுக்கும் வாங்குபவர்கள் உண்டு. அவை வேடிக்கையானவைதாம், ஆனாலும் ஓய்ந்த கையின் ஒரு கணத்து மறதியைக் காட்டுவதற்கு மேல் அவை ஒன்றும் சொல்வதில்லை. ஆலை யோசித்துச் செய்த மாற்றமே, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இதற்குச் சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. மாட்டெல் கம்பெனி 1968-இல் ஹாட் வீல்ஸ் கார்களைக் கொண்டுவந்து, மெல்லிய இருசும் வழுக்கும் சக்கரமும் வைத்து, லெஸ்னியின் கார்களை ஒரே வருஷத்தில் பழைய காலத்துச் சரக்காக்கிவிட்டது. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி பீச் பாம் என்ற பெயரில் ஒரு வோக்ஸ்வாகன் வேனைத் திட்டமிட்டது. கடல் அலைமேல் சறுக்கும் பலகைகள் இரண்டு அதன் பின்புற ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அகலம் போதாமல், தலைப்பாரம் மிகுந்து, காரை விசையோடு தள்ளிவிடும் சூப்பர் சார்ஜர் என்ற கருவியில் அது சரியாக ஓடவில்லை. வேனை அகலமாக்கி, பலகைகளைப் பக்கவாட்டுக்கு மாற்றி, அந்த வடிவத்தைத்தான் கடைக்கு அனுப்பினார்கள். பின்புறப் பலகையுடைய பரிசோதனை வண்டிகள் சில டஜன்களே எஞ்சின. அவற்றிலும் இளஞ்சிவப்பு வர்ணமுடையவை இரண்டே அறியப்பட்டிருக்கின்றன. ஒரு லட்சம் டாலருக்கு மேல் மதிக்கப்படும் அந்த வேன், விற்பனைக்கே தகுதியற்றதென்று ஒதுக்கப்பட்ட பொருள் என்பதை நினைத்தால் வியப்பே மேலிடுகிறது.

மதிப்பு ஏறிய இடத்தில் மோசடியும் ஏறும். 13-ஆம் எண்ணுள்ள டாட்ஜ் பழுதுவண்டி, அதாவது விபத்தில் சிக்கிய கார்களை இழுத்துச் செல்லும் லாரி, மஞ்சள் முன்கூடும் பச்சைப் பின்னுடலும் உடையது. 1965-இல் அது தொடங்கிய சமயத்தில் வர்ணங்கள் இடம் மாறி, பச்சை முன்கூடும் மஞ்சள் பின்னுடலுமாகச் சில வண்டிகள் வெளியாயின. இதைப் போலியாகச் செய்வதற்குத் தேவையானது ஒரு சாதாரண வண்டியும் இரண்டு டப்பா வர்ணமும் மட்டுமே என்பதால், கைக்கு வரும் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துச் சோதிக்காமல் எவரும் பணம் கொடுப்பதில்லை. முதலில் வண்டியைக் குப்புறக் கவிழ்த்து, அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையைப் பார்க்க வேண்டும்; ஆலையில் அழுத்தியது விளிம்பு சிதையாமல் வழவழப்பாக இருக்கும்; துளையிட்டுக் கழற்றி மறுபடி ஒட்டியிருந்தால் அதன் நடுவில் குழியோ, பசையின் தடமோ காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தபடி, உடலின் உட்புறத்தில் விளிம்பை ஒட்டிய மூலைகள்: மேலே பச்சையும் உள்ளே மறைவில் மஞ்சள் புகையும் தெரிந்தால் விஷயம் முடிந்தது. புடைத்த எழுத்துகளின் மேல் வர்ணம் தடித்துப் படிந்திருப்பது மறுபூச்சுக்கு அடையாளம். தண்ணீரில் ஊற வைத்து ஒட்டும் பழைய விளம்பரத் தாளில் வர்ணம் ஒரே சீராகப் பரவியிருக்கும். இக்காலத்து அச்சு யந்திரத்தில் செய்ததில் பூதக்கண்ணாடியின் கீழ் புள்ளிகள் தெரியும். புற ஊதா ஒளியில் பழைய வர்ணமும் புதிய வர்ணமும் ஒன்றுபோல் ஒளிர்வதில்லை என்பதும் ஒரு சோதனை. பெட்டி பழையதாக இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. பெட்டியும் வண்டியும் வெவ்வேறு வீட்டிலிருந்து வந்து சேர்ந்தவையாக இருக்கலாம்.

சூரிய வெளிச்சம் வேறு ஒரு வகையான ஏமாற்றுக்காரன். ஜன்னலோரத்தில் பல வருஷம் நின்ற கார், வர்ணம் வெளுத்து, பட்டியலில் எங்கும் இல்லாத ஒரு புது நிறத்தை அடைந்துவிடும். வெயில் படாத அடிப்பாகத்தைப் பார்த்தால் உண்மை தெரியும்.

பொருளே அழிந்துபோகும் அபாயமும் உண்டு. லிவர்பூல் நகரத்தில் மெக்கானோ கம்பெனியார் 1930-களில் செய்த டிங்கி பொம்மைகளில், துத்தநாகத்தோடு சிறிதளவு ஈயம் கலந்துவிட்டவை, பல ஆண்டுகள் கழித்து உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, பொடிப்பொடியாக உதிர்கின்றன. வெளியே பூசும் மருந்து எதுவும் இந்த நோயைத் தீர்ப்பதில்லை. உதிராமல் தப்பிய டிங்கி வண்டிகளுக்கு ஏன் அவ்வளவு விலை என்பது இதனால் ஒருவாறு புலப்படும்; உதாரணமாக, டபிள்யூ. ஈ. பாய்ஸ் என்ற சைக்கிள் கடையின் பெயர் தாங்கிய ஒரு சிறு சரக்கு வேன் 2008-இல் இங்கிலாந்து ஏலத்தில் 19,975 பவுனுக்குப் போயிற்று.

நம் நாட்டுக்கும் இக்கதையில் பங்கு உண்டு. மெக்கானோ கம்பெனி உபயோகித்து முடித்த டிங்கி அச்சுகள் சில, 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே எஸ். குமார் அண்டு கோ என்ற ஸ்தாபனத்தார், அடித்தகட்டிலிருந்த டிங்கி என்ற பெயரை நீக்கி, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் அவற்றை வார்த்து விற்றார்கள். ஆங்கிலேயரின் ஸ்டாண்டர்டு அட்லஸ் வேன், அந்த வேனைச் சென்னையில் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி வைத்த பெயராலேயே, ஸ்டாண்டர்டு 20 மினிபஸ் ஆயிற்று. வர்ணப் பூச்சு முரடாகவும், வார்ப்பு சற்றுக் கரடாகவும் இருந்ததால் அக்காலத்தில் அவற்றை மட்டச் சரக்காகக் கருதினார்கள். ஆனால் தேய்ந்த அச்சின் கடைசி உழைப்பையும், இறக்குமதி நெருக்கடி மிகுந்த ஒரு காலத்தையும் நேரே காட்டும் பொருள்கள் என்ற முறையில், பளபளக்கும் லிவர்பூல் வண்டிகளைவிட அவற்றை நான் பெரிதாக மதிக்கிறேன். மேல்நாட்டுச் சேகரிப்பாளர்களும் இன்று அவற்றைத் தேடுகிறார்கள்.

லெஸ்னி கம்பெனி 1982 ஜூன் மாதத்தில் நொடித்துப்போயிற்று. ஹாங்காங்கைச் சேர்ந்த யூனிவர்சல் கம்பெனி அதை வாங்கியது. 1997-இல் மேட்ச்பாக்ஸ் என்ற பெயர், பழைய போட்டியாளரான மாட்டெலின் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஹாக்னி ஆலை இன்று இல்லை. அங்கே நாள்தோறும் நடந்த சிறு மாற்றங்களுக்கு எஞ்சிய பதிவேடு, வீடுகளின் பரண்களிலும் பழைய தகரப் பெட்டிகளிலும் கிடக்கும் வண்டிகளே.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து எப்போதோ ஓர் உறவினர் வாங்கி வந்த பழைய உலோகக் கார் எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதற்குப் புது வர்ணம் பூசாதீர்கள். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பொடியால் தேய்க்காதீர்கள். கிழிந்திருந்தாலும் அட்டைப் பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள். மெல்லிய துணியால் தூசியை மட்டும் துடைத்து, அது யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருஷத்தில் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.